வெளி ஆண்டெனா போட்டும் ஸ்கேனர் இரைகிறதா? பூஸ்டர் வாங்கும் முன்...

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானொலி ஸ்கேனர் (விமானப் பேச்சு, அமெச்சூர் பேச்சு போன்றவற்றைப் பல அலைவரிசைகளில் தேடிப் பிடிக்கும் ரிசீவர்) பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, கருவியோடு வரும் குட்டை ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு மொட்டைமாடியில் ஒன்றை நட்டால் எல்லாம் தெளிவாகும் என்றும், அப்படியும் போதவில்லையென்றால் ஸ்கேனருக்குப் பக்கத்தில் ஒரு பூஸ்டர் (சிக்னல் பெருக்கி) சேர்க்கலாம் என்றும் சொல்லி முடிந்திருந்தது. முதல் யோசனை பாதி சரி. இரண்டாவதை நம்பிப் பணம் போடுகிற சென்னைவாசிக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். வெளி ஆண்டெனா போட்ட பிறகு ஒலி முன்னைவிட மோசமாவது நகரங்களில் சர்வசாதாரணம். பெரும்பாலான சமயம் அங்கே சிக்னல் குறைவு என்பது நோயே இல்லை. தேவையில்லாத சிக்னல் அளவுக்கு மீறி உள்ளே வருவதுதான் நோய். அதற்கு பூஸ்டர் போட்டால் இன்னும் முற்றும்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. அநேக ஸ்கேனர்களில் அட்டன்யுவேட்டர் என்று ஒரு பொத்தானோ மெனுவோ இருக்கும். உள்ளே வரும் சிக்னல் முழுவதையும் 10 முதல் 20 டெசிபெல் வரை குறைக்கும் வசதி அது (டெசிபெல் என்பது சிக்னலின் வலுவை ஒப்பிடும் அளவு; 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்). இரைச்சலோடு வரும் நிலையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை இயக்குங்கள். நிலையமும் இரைச்சலும் சேர்ந்து மங்கினால் கோளாறு வேறிடத்தில். குறைத்ததும் பேச்சு தெளிந்தால், பின்னணியில் கேட்ட பாட்டுச் சத்தம் காணாமல் போனால், உங்கள் ஸ்கேனரில் சிக்னலை முதலில் வாங்கும் முன்பகுதி திணறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

திணற வைப்பது பெரும்பாலும் பண்பலை. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில்தான் தொடங்கியது. இன்று 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நகருக்குள்ளேயே வலுவான நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. விமானங்கள் பேசும் பகுதி 118இல் தொடங்குகிறது. இடைவெளி 10 மெகாஹெர்ட்ஸ்தான். வலுவான இரண்டு சிக்னல்கள் ஒரே சமயத்தில் ஸ்கேனரின் முதல் டிரான்சிஸ்டரில் மோதினால், வானில் இல்லாத மூன்றாவது ஒன்று அங்கேயே பிறக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் அது எங்கே விழும் என்று தெரிந்துவிடும். 106.4ஐ இரட்டித்தால் 212.8. அதில் 91.1ஐக் கழித்தால் 121.7. 93.5ஐக் கழித்தால் 119.3. இரண்டுமே விமானப் பகுதிக்குள். சென்னையில் இந்த மூன்று அலைவரிசைகளிலும் நிலையங்கள் இருக்கின்றன என்பதை வானொலி கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்டன்யுவேட்டர் வேலை செய்வதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது: உள்ளே வருவதை 10 டெசிபெல் குறைத்தால் நாம் கேட்க விரும்பும் நிலையம் 10 டெசிபெல்தான் குறையும், இந்தப் பொய்ச் சிக்னலோ 30 டெசிபெல் குறையும்.

மலிவான கருவிகளில் இன்னொரு வகைப் பொய்யும் உண்டு. உள்ளே 10.7 மெகாஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை (வரும் சிக்னலைக் கையாள வசதியாக மாற்றிக்கொள்ளும் அலைவரிசை) வைத்துச் செய்யப்பட்ட ரிசீவர்களில், நீங்கள் வைத்த இடத்திலிருந்து அதன் இரு மடங்கு, அதாவது 21.4 தள்ளி இருக்கும் நிலையமும் நுழைய வழியிருக்கிறது. 119.7இல் வைத்தால் 98.3இன் பாட்டு, கரகரத்துக்கொண்டு, கேட்கும். கேட்பவர் ஆண்டெனாவைத் திருப்புவார், கம்பத்தை உயர்த்துவார், பாட்டு இன்னும் ஓங்கும்.

இதற்கு மருந்து பண்பலைத் தடுப்பு வடிகட்டி. 88 முதல் 108 வரை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை விடும் சிறிய உலோகப் பெட்டி அது; கேபிளுக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் திருக வேண்டும். வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்கள் கேபிள் துண்டு ஒன்றாலேயே ஒரு தடுப்பு செய்யலாம்: ஆர்ஜி-58 கேபிளில் (நடுக்கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் கொண்ட மெல்லிய ஆண்டெனா கேபிள்) சுமார் 50 செ.மீ. வெட்டி, ஒரு டி இணைப்பில் பக்கவாட்டில் மாட்டி, மறுமுனையைத் திறந்தபடி விட்டால் 98 மெகாஹெர்ட்ஸ் அருகில் இருப்பவை தரைக்குப் போய்விடும். முதலில் 55 செ.மீ. வைத்துக்கொண்டு, தொந்தரவு தரும் நிலையம் அடங்கும் வரை அரை செ.மீ. அரை செ.மீ.யாக நுனியைக் கத்தரிப்பதே வழி. ஆனால் இது ஓரிரு நிலையங்களைத்தான் நன்றாக வெட்டும். விமானப் பகுதியிலும் 3 முதல் 5 டெசிபெல் வரை பிடுங்கிக்கொள்ளும். 145 மெகாஹெர்ட்ஸில் இழப்பு ஒரு டெசிபெல் அளவுதான், ஆகவே உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பேசும் அமெச்சூர் பகுதியைக் கேட்பவருக்கு இது போதும். விமானப் பகுதி கேட்பவர் கடையில் விற்கும் வடிகட்டியை வாங்குவதே உத்தமம்.

கணினியில் செருகி மென்பொருளால் வானொலி கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மென்பொருளில் கெயின் என்ற பெருக்க அளவை 49.6 என்ற உச்சத்தில் வைத்துவிட்டு, திரை முழுவதும் கோடுகள் என்று புகார் சொல்வது வழக்கமாகிவிட்டது. கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஆண்டெனாவைச் செருகும்போது அடிமட்ட இரைச்சல் சற்றே உயரும், கழற்றினால் தாழும் என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றுவதால் எதுவும் கிடைக்காது. 144.0இல் அசையாமல் நிற்கும் கோடு எந்த நிலையமும் இல்லை. டாங்கிளுக்குள் இருக்கும் 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் ஐந்தாம் மடங்கு அது.

அடுத்து, வீட்டுக்குள் பிறக்கும் இரைச்சல். ஸ்கேனரை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க வேண்டும். மெயின் போனதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு தன் பங்குக்கு இரையும், சோதனையே கெட்டுவிடும். இரைச்சல் அடங்கினால் ஒவ்வொரு சுற்றாக மீண்டும் போட்டுப் பாருங்கள். அகப்படுபவை அநேகமாக இவைதான்: மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், பிராட்பேண்ட் ரவுட்டரின் அடாப்டர், மாடியில் சோலார் இருந்தால் அதன் இன்வெர்ட்டர். விமானப் பேச்சு ஏஎம் முறையில் (அலையின் வலுவை ஏற்றி இறக்கிப் பேச்சை அனுப்பும் முறை) வருவதால் இந்தத் துடிப்புகள் அப்படியே காதில் விழும். எஃப்எம் முறையில் வரும் அமெச்சூர் பேச்சில் ஓரளவு அமுங்கும். முறை என்றதும் ஒன்று நினைவூட்ட வேண்டும். விமானப் பகுதியை எஃப்எம்மில் வைத்துக் கேட்டுவிட்டு ஆண்டெனாவைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

மெயினை அணைத்தும் இரைச்சல் போகவில்லையா? ஆண்டெனா கேபிளைக் கழற்றுங்கள். அப்படியும் இருந்தால் இரைவது ஸ்கேனரேதான். கழற்றியதும் நின்றால் அது பக்கத்து வீட்டிலிருந்தோ லிஃப்ட் மோட்டாரிலிருந்தோ வருகிறது. இப்படி வெளியிலிருந்து வருவதில் ஒரு பகுதி, ஆண்டெனா வழியாக வராமல் கேபிளின் வெளிப்பின்னல் மேல் தொற்றிக்கொண்டு மேலே ஏறி, ஆண்டெனாவின் அடியில் திரும்பி உள்ளே இறங்கும். ஆண்டெனாவுக்குச் சற்றுக் கீழேயும், வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் நான்கைந்து ஃபெரைட் வளையங்களை (இரைச்சலை விழுங்கும் காந்தப்பொருள் வளையங்கள்) கேபிள் மேல் மாட்டினால் இந்தப் பாதை அடைபடும். 43 என்ற எண் கொண்ட கலவையைக் கேட்டு வாங்குங்கள். பழைய கணினிக் கேபிளிலிருந்து கழற்றிய வளையம் எந்தக் கலவை என்று யாருக்கும் தெரியாது.

இனி கேபிள். வயர்லெஸ் கடைகளில் பழக்கத்தால் ஆர்ஜி-58 எடுத்துக் கொடுப்பார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அது 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் தின்னும். இரண்டு மாடி இறங்கி அறைக்குள் வர 30 மீட்டர் என்றால் 6 டெசிபெல். ஆண்டெனா பிடித்ததில் நான்கில் ஒரு பங்குதான் ஸ்கேனருக்கு வந்து சேரும். 435 மெகாஹெர்ட்ஸில் அதே 30 மீட்டர் பத்து டெசிபெலுக்கு மேல் தின்றுவிடும், மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிஷ் ஆண்டெனாவுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளோ, அதே நீளத்தில் 145இல் இரண்டரை டெசிபெலுக்குள்ளும் 435இல் நாலரைக்குள்ளும் முடித்துக்கொள்கிறது. விலையும் குறைவு, எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

ஆர்ஜி-6 என்றதும் இரண்டு ஆட்சேபணைகள் எழும். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் ஆயிற்றே என்பார்கள். அந்தப் பொருத்தமின்மையால் திரும்பிப் போவது நூற்றுக்கு 4 பங்கு, அதாவது 0.2 டெசிபெல்கூட இல்லை. கேட்பதற்கு மட்டும் என்றால் பொருட்படுத்த வேண்டாம். நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பாயிற்றே என்பது அடுத்தது. இந்த அலைவரிசைகளில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில் ஐந்தாறு மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. உள்ளே இரும்பா செம்பா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. காசு இருப்பவர்கள் எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் போடலாம்: 30 மீட்டருக்கு 145இல் ஒன்றரை டெசிபெல். ஆனால் அது விரல் கனம், எளிதில் வளையாது. அதை நேரடியாகக் கைக் கருவியின் எஸ்எம்ஏ என்ற சிறிய திருகு கனெக்டர் வாயில் மாட்டினால் வாய் பிய்ந்துவிடும். நடுவில் மெல்லிய கேபிளில் ஒரு சாண் துண்டு கட்டாயம் வேண்டும்.

கேபிளைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். இரு முனைகளையும் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே அளந்தால் எதுவும் காட்டக் கூடாது. பிறகு ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மறுமுனையில் அளந்தால், 20 மீட்டர் ஆர்ஜி-58இல் ஒரு ஓம் அளவிலும் ஆர்ஜி-6இல் இரண்டு மூன்று ஓமும் காட்ட வேண்டும். அதற்கு மேல் என்றாலோ, கேபிளை அசைக்கும்போது எண் துள்ளினாலோ, கனெக்டரைச் சந்தேகிக்கலாம். கழற்றாமல் அளந்துவிட்டுக் கேபிள் ஷார்ட் என்று முடிவு கட்டாதீர்கள். சில ஆண்டெனாக்கள் அமைப்பிலேயே நேர்மின்னோட்டத்துக்கு ஷார்ட்டாகத்தான் இருக்கும்.

மல்டிமீட்டர் காட்டாத நோய் ஒன்று உண்டு: தண்ணீர். ஐப்பசி கார்த்திகை மழையில் மேல் கனெக்டர் வழியாக நுழையும் நீர், பின்னலின் இழைகளுக்குள் மெல்லக் கசிந்து மீட்டர் கணக்கில் உள்ளே போகும். மழை விட்ட பிறகும் சிக்னல் திரும்பாது. கனெக்டரை வெட்டிப் பாருங்கள். பின்னல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளபளக்கும் செம்போ அலுமினியமோ தெரியும் வரை கேபிளை வெட்டிக்கொண்டே வர வேண்டும். உலர்த்தி மீட்க முடியாது. கடற்கரையோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன்பே, கழற்றிப் பார்ப்பது நல்லது. புதுக் கனெக்டரை மூட, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதி மேல் பாதி படியும்படி, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மடிப்புகள் ஓடு வேய்ந்த மாதிரி நீரைக் கீழே தள்ளும். அதன் மேல் வெயில் தாங்க சாதாரணக் கறுப்பு டேப். புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் பசையைத் தொடவே கூடாது, அதிலிருந்து வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

கனெக்டர்களில் மூன்று தவறுகள் மறுபடி மறுபடி நடக்கின்றன. ஒன்று, ஆர்ஜி-6 கேபிளின் நுனியில் கையால் திருகி மாட்டும் எஃப் கனெக்டர். ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். கேபிள்காரரிடம் இருக்கும் அழுத்தும் கருவியால் போட்டதே நிற்கும். எஃப் கனெக்டருக்கு ஊசி என்று தனியாக இல்லை, கேபிளின் நடுக்கம்பியே ஊசி. அது விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். இரண்டாவது, பின்னலின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் ஆளைச் சுற்ற வைப்பது. எஸ்எம்ஏவுக்கு அண்ணன் தம்பி போல ஆர்பி-எஸ்எம்ஏ என்று ஒன்று வைஃபை கருவிகளில் வரும். திருகு ஒன்றேதான், ஊசியும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். தவறான ஜோடியில் திருகு அழகாக ஏறும், நடுவே ஊசி இரண்டு பக்கமும் இருக்காது, சிக்னல் காற்றில் தாவித்தான் உள்ளே போக வேண்டும். திருகும் முன் ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஆண்டெனாவைப் பற்றி உங்கள் கட்டுரை டிஸ்கோனைப் (வட்டத்தட்டும் கூம்பும் சேர்ந்த வடிவ ஆண்டெனா) பரிந்துரைத்தது. எல்லா அலைவரிசைகளையும் வாங்கும் என்பது அதன் பெருமை. பண்பலையையும் அதே ஆசையோடு வாங்கும் என்பது நகரத்தில் அதன் குறை. ஒரே பகுதியைத்தான் கேட்கப்போகிறீர்கள் என்றால், பெரிய கேபிள் சாக்கெட் ஒன்றில் 3 மி.மீ. பித்தளைக் கம்பியால் கால் அலைநீள ஆண்டெனா செய்துகொள்வதே மேல். நடுவில் செங்குத்துக் கம்பி, சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில் 45 பாகை கீழே சரிந்த நான்கு கம்பிகள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி 49 செ.மீ., சரிவுக் கம்பிகள் 52 செ.மீ. விமானப் பகுதியின் நடுவான 127க்கு 56, 59. பழைய டிவி யாகி ஆண்டெனா பரணில் கிடக்கிறதே என்று அதை மாட்டினால், அது படுக்கைவாட்டு. வருகிற சிக்னலோ செங்குத்து. அந்த ஒரு வித்தியாசத்தில் 20 டெசிபெல் வரை போகலாம்.

உயரத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஆண்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை மீட்டரில் எடுத்து 4.12ஆல் பெருக்கினால் தொடுவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். 9 மீட்டருக்கு 12 கி.மீ., 16 மீட்டருக்கு 16 கி.மீ. பக்கத்து ஊர் அமெச்சூரைக் கேட்க இந்த நாலு கிலோமீட்டர் உதவும். 10,000 மீட்டரில் பறக்கும் விமானத்தின் பங்கு மட்டுமே 412 கி.மீ.; அதைக் கேட்கக் கம்பத்தை உயர்த்துவதில் ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவர், இரும்புக் குழாய், தண்ணீர் தொட்டி ஆகியவற்றுக்கு மேலே இரண்டு மீட்டர் தலை நீட்டினால் போதும். நிரம்பிய தொட்டி, பிளாஸ்டிக்கே ஆனாலும், மறைக்கத்தான் செய்யும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நல்ல சிக்னல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் 145.800. அது தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்குள் படங்களை ஒலியாக மாற்றி அனுப்பும் சத்தமோ பேச்சோ ஒலிபரப்பானால், இரைச்சலில்லாமல் கேட்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பூஸ்டர். கேபிளில் இழக்கும் டெசிபெல் அவ்வளவும் ரிசீவரின் சொந்த இரைச்சலோடு கூடிக்கொள்கிறது. அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் பூஸ்டர் இழப்புக்கு முன்னால், கம்பத்தின் தலையில், ஆண்டெனாவின் அடியிலேயே இருக்க வேண்டும். உங்கள் படத்தில் இருந்தது போல ஸ்கேனருக்குப் பக்கத்தில் வைத்தால், கேபிளில் கெட்டுப்போன சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்கும், அவ்வளவுதான். கம்பத்தின் தலையில் வைத்தாலும் அதற்கு முன்னால் பண்பலைத் தடுப்பு வேண்டும். டிஷ் ஆண்டெனா கடைகளில் கேபிளின் நடுவில் மாட்டக் கொடுக்கும் சிறிய பூஸ்டர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கானது. 145க்கு அதனால் கெடுதலைத் தவிர எதுவுமில்லை. 30 மீட்டருக்குள் ஆர்ஜி-6 கேபிள் போட்டிருப்பவருக்கு, நகரத்துக்குள், பூஸ்டர் தேவைப்படும் சந்தர்ப்பம் அபூர்வம்.

கட்டுரை சொல்லாமல் விட்ட பாதுகாப்பு விஷயங்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும். கம்பத்தை 8 கேஜ் செம்புக் கம்பியால், வளைவு குறைவாக, எர்த்தில் இணைக்க வேண்டும். இதற்கென்று தனி எர்த் குழி போட்டால் அதை வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டாமல் விடக் கூடாது. இடியின்போது இரண்டுக்கும் நடுவில் எழும் மின்னழுத்தம் ஸ்கேனர் வழியாகத்தான் பாயும். கேபிளில் மாட்டும் வாயுக் குழாய் அரெஸ்டர் (மின்னல் தடுப்பான்) அருகில் விழும் இடியின் தூண்டலைத் தாங்கும், நேரே விழுவதைத் தாங்காது. வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவதுதான் சரி. காவல்துறை, ராணுவப் பேச்சுகளை ஒட்டுக் கேட்பது சட்டத்துக்குப் புறம்பு என்பதையும் இளைஞர்கள் படிக்கும் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற்றால், 144 முதல் 146 வரை கேட்பதோடு பேசவும் செய்யலாம்.

படத்தில் பூஸ்டரின் இடத்தை மட்டுமாவது திருத்தி அடுத்த வாரம் வெளியிட்டால், அதை வெட்டி வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் சிலர்,
திருவான்மியூர், சென்னை.